வாப்பா கேட்ட பாட்டு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு ஆங்கிலப் பாடகரின் அல்பத்தைப் பற்றியது. இசை கேட்பது குறித்து நம் ஆலிம்களிடையே உள்ள கருத்துகளை நான் அறிவேன். அதைப் பற்றி விவாதிக்க இதை எழுதவில்லை. விருப்பமில்லாதவர்கள் கடந்து செல்லுங்கள், நான் கோபிக்க மாட்டேன். ஆனால் பதிவின் கடைசிப் பகுதி பாட்டைப் பற்றியதல்ல. நம் வாப்பாமாரைப் பற்றியது. அதை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

கல்விக் கல்லூரியில் நான் ஆங்கிலம் பயின்ற காலத்தில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் இருந்தார். செவிமடுத்தல் பயிற்சிக்கு எல்லோரும் செய்தி ஒலிப்பதிவுகளைப் போடுவார்கள். அவர் ஒருநாள் பாட்டொன்றைப் போட்டார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பாடகரின் ‘த ரிவர்’. பாட்டு முடிந்ததும் சொற்களுக்குப் பொருள் கேட்கவில்லை. கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினார். பேசுகிறவர் யார்? அவருக்கு என்ன வயது? அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார்?

முதல் இரண்டுக்கும் கைகள் உயர்ந்தன. மூன்றாவதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. "அதுக்கு விடை தெரிஞ்சாத்தான் நீங்க ஒரு ஆளைக் கேட்கத் தொடங்கியிருக்கிறீங்க" என்றார். இன்றும் என் வகுப்பில் ஒரு கதையோ கவிதையோ எடுத்தால் அந்த மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறேன். வகுப்பில் கேட்கத் தெரிந்த எனக்கு வீட்டில் கேட்கத் தெரியவில்லை என்பது வேறு விடயம். அதற்கு வருகிறேன்.

அந்தப் பாடகரை அதற்குப் பின் நான் விடவில்லை. 1949இல் நியூ ஜேர்சி மாநிலத்தில் பிறந்தவர். ஃப்ரீஹோல்ட் என்ற சின்ன ஊரில் ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவர். 1975இல் ‘போர்ன் டு ரன்’, 1984இல் ‘போர்ன் இன் த யூ.எஸ்.ஏ’ என்று உலகம் முழுக்கப் பேர் எடுத்தவர். விளையாட்டு மைதானங்களை நிரப்பி, மூன்று மணித்தியாலம் வியர்க்க வியர்க்கப் பாடுகிற ஆள். கிற்றார், ட்ரம்ஸ், சாக்சபோன் என்று ஒரே ஆரவாரம். அப்படிப்பட்டவர் 2019 ஜூன் 14ஆம் திகதி, தனது 70ஆவது பிறந்தநாளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ‘வெஸ்டேர்ன் ஸ்டார்ஸ்’ என்ற அல்பத்தை வெளியிட்டார். அவருடைய 19ஆவது ஸ்டூடியோ அல்பம். 13 பாடல்கள்.

முதல் தடவை கேட்டபோது ஏமாற்றமாக இருந்தது என்பதுதான் உண்மை. எனக்குத் தெரிந்த ஸ்பிரிங்ஸ்டீன் இதில் இல்லை. அவருடைய வழமையான ஈ ஸ்ட்ரீட் பேண்ட் குழு இல்லை. அதற்குப் பதிலாக வயலின்களும் செலோக்களும் ஹோர்ன் வாத்தியங்களும். 1960களின் பிற்பகுதியிலும் 70களின் தொடக்கத்திலும் தென் கலிபோர்னியாவில் உருவான மெல்லிசைப் பாணியை மனதில் வைத்துச் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கிளென் காம்ப்பெல் பாடி ஜிம்மி வெப் எழுதிய பாடல்கள், பேர்ட் பக்கராக்கின் இசையமைப்புகள் அந்த வகை. 1968இல் வந்த ‘விச்சிட்டா லைன்மேன்’ என்ற பாட்டைச் சிலர் கேட்டிருப்பீர்கள். தொலைபேசிக் கம்பி பழுதுபார்க்கும் ஒரு தொழிலாளியின் தனிமை. அதற்குப் பின்னால் விரிந்து எழும் வயலின்கள். சாதாரண மனிதனின் கதைக்கு அரண்மனை இசையா என்று தோன்றும். ஆனால் பொருந்திப் போகும்.

சில மாதம் கழித்து, பாடசாலை விட்டு பஸ்ஸில் வரும் வழியில் இரண்டாவது தடவை கேட்டேன். அன்று அந்த மூன்று கேள்விகளும் ஞாபகம் வந்தன.

பேசுகிறவர் யார்? ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு ஆள். முதல் பாட்டில் வழியில் வரும் வாகனங்களை மறித்து ஏறிப் போகும் ஒருவர். தலைப்புப் பாட்டில் வயது போன ஒரு சினிமா நடிகர். முன்னொரு காலத்தில் ஜோன் வெய்ன் நடித்த படத்தில் சுடப்பட்டுச் சாகிற காட்சியில் வந்தவர், அந்த ஒரு காட்சியைச் சொல்லிச் சொல்லியே மிச்சக் காலத்தை ஓட்டுகிறவர், இப்போது விளம்பரங்களில் நடித்துப் பிழைக்கிறவர். இன்னொன்றில் சினிமாவுக்காக வாகனங்களை மோதியும் விழுந்தும் உடைந்துபோன ஸ்டண்ட்காரர். காலுக்குள் இரும்புக் கம்பியோடு நடமாடுகிறார். ‘டூசன் ட்ரெயின்’ பாட்டில் கிரேன் ஓட்டும் ஒருவர், சண்டை பிடித்துப் பிரிந்து வந்த பெண் ரயிலில் வருவாள் என்று நிலையத்தில் காத்து நிற்கிறார். ‘சேஸின் வைல்ட் ஹோர்சஸ்’ பாட்டில் ஒருவர் மொன்டானா வெளிகளில் காட்டுக் குதிரைகளைத் துரத்தும் வேலைக்குப் போகிறார். உடம்பு களைத்து விழும்வரை வேலை செய்தால்தான் விட்டு வந்தவளின் நினைவு வராது என்பதற்காக. இரண்டு நிமிடம்கூட இல்லாத ஒரு பாட்டில், பாட்டுக்காக வாழ்க்கையைக் கொடுத்துவிட்டு இரண்டும் இல்லாமல் நிற்கிற ஒரு பாடலாசிரியர்.

என்ன வயது? ஏறக்குறைய எல்லோரும் வயது போனவர்கள். அல்லது மனதால் வயது போனவர்கள்.

எதைச் சொல்லாமல் விடுகிறார்கள்? இங்கேதான் அந்த வயலின்களின் வேலை எனக்கு விளங்கியது. இந்த மனிதர்கள் அதிகம் பேச மாட்டார்கள். இன்றைக்கு என்ன வேலை, என்ன வானிலை, எந்த ரோட்டு, அவ்வளவுதான். அழ மாட்டார்கள், மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். அவர்கள் சொல்லாமல் விழுங்கியதைப் பின்னால் இருந்து வாத்தியங்கள் சொல்கின்றன. ஆள் முன்னுக்கு நின்று குரலைத் தாழ்த்தி இரண்டு வசனம் சொல்லிவிட்டு நிறுத்துவார். வில்கள் சேர்ந்து மிச்சத்தைச் சொல்லும். குதிரைப் பாட்டில் சொற்கள் முடிந்த பிறகும் இசை நீண்டுகொண்டே போகும். அவர் எங்கோ தூரத்தில் போய்க்கொண்டிருப்பது போலவும் நாம் வாசலில் நின்று பார்ப்பது போலவும் இருக்கும்.

எல்லாப் பாட்டும் அற்புதம் என்று சொல்ல மாட்டேன். ‘ஸ்லீப்பி ஜோஸ் கஃபே’ என்ற பாட்டு கல்யாண வீட்டுப் பாட்டுப் போல. எனக்கு அது ஒட்டவில்லை. ஓரிரு இடத்தில் இசை பாயசத்தில் சீனி கூடிய மாதிரி. ஆனால் கடைசிப் பாட்டான ‘மூன்லைட் மோட்டல்’ இல் அந்த ஆரவாரமெல்லாம் விலகிவிடும். மூடிக் கிடக்கும் பழைய விடுதிக்கு ஒருவர் திரும்பி வருகிறார். புல் முளைத்துக் கிடக்கிறது. ஒருகாலத்தில் இருவராக வந்த இடம். ஏறக்குறைய கிற்றாரும் குரலும் மட்டும். அவ்வளவு பெரிய வாத்தியக் கூட்டத்தைக் கேட்ட பிறகு வரும் அந்த அமைதி, வந்தவர்கள் எல்லாம் போன பின் வீடு கிடக்கிற மாதிரி.

அதே வருடம் அவர் தன் நெடுநாள் கூட்டாளியான தோம் ஸிம்னியோடு சேர்ந்து இதைப் படமாகவும் இயக்கினார். தன் காணியில் உள்ள கிட்டத்தட்ட நூறு வருடம் பழமையான மரக் களஞ்சியத்தில், 30 பேர் கொண்ட வாத்தியக் குழுவோடு முழு அல்பத்தையும் பாடுகிறார். இடையிடையே பேசுகிறார். 19ஆவது அல்பத்திலும் இன்னும் காரைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறார். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள விடயம் கேலி அல்ல. தனியாகப் போக வேண்டும் என்ற ஆசைக்கும் மனிதர்களோடு சேர்ந்து வாழ வேண்டிய தேவைக்கும் நடுவில் வாழ்நாள் முழுக்க இழுபட்டதைப் பற்றித்தான் அவர் பேசுகிறார்.

இந்த மௌனமான ஆண்களை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று தேட வேண்டியதில்லை. 2016இல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை ஃபோர்ட் தொழிற்சாலையில் வேலை செய்தவர், பஸ் ஓட்டியவர், சிறைக் காவலராக இருந்தவர். இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாராம். மகனோடு பேச்சு இல்லை. பேசினால் சண்டை. பிற்காலத்தில்தான் அந்த மனிதர் மனநோயோடு போராடியவர் என்பது தெரிய வருகிறது. மகனுக்கும் மன அழுத்தம் வந்து, பல வருடம் சிகிச்சை பெற்றதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1969இல் பெற்றோர் கலிபோர்னியாவுக்குக் குடிபோக, 19 வயது மகன் நியூ ஜேர்சியிலேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு தந்தையைப் பற்றி எத்தனையோ பாட்டு எழுதினார். சில கோபத்தோடு, சில ஏக்கத்தோடு.

பிறகு 1990இல் நடந்த ஒன்று. ஸ்பிரிங்ஸ்டீனுக்கு முதல் பிள்ளை பிறக்கப் போகிறது. சொல்லாமல் கொள்ளாமல் தந்தை பல நூறு கிலோமீற்றர் கார் ஓட்டி லொஸ் ஏஞ்சல்ஸ் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். வந்து உட்கார்ந்து, நீ எங்களுக்கு நல்லவனாக நடந்தாய், நான் உனக்கு அப்படி நடக்கவில்லை என்ற கருத்தில் ஒரு வசனம் சொல்கிறார். அவ்வளவுதான். அந்த ஒரு வசனம் தனக்குப் போதுமாக இருந்தது என்று மகன் மேடையிலும் சொன்னார், புத்தகத்திலும் எழுதினார். தந்தை 1998இல் இறந்துபோனார்.

இதை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. காரணம் இனித்தான்.

என் வாப்பா சவூதியில் பதினெட்டு வருடம் ட்ரெயிலர் ஓட்டியவர். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது போனவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அத்தர் வாசம், பெரிய பெட்டி, ஒரு மாதம். பிறகு மீண்டும் போய்விடுவார். எங்கள் ஊரில் பாதி வீட்டுக் கதை இது. இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். நான் ஓ.எல் பரீட்சை எழுதி முடித்த கையோடு இருந்தேன். கடல் வந்ததைப் பற்றி இந்தப் பதிவை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீடு போனது. வாப்பும்மா போனா. அவவுடைய ஜனாஸாவை நாங்கள் கண்டெடுத்ததே பெரிய பாக்கியம் என்று சொன்னார்கள். மையித்தை அடக்கும்போது பதினைந்து வயதில் நான் நின்றேன். மகன் நிற்க வேண்டிய இடத்தில் பேரன்.

வாப்பா வரவில்லை. ஜனவரியில் வரவில்லை. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் போல இது திகதி பார்த்து வருகிற விடயமா என்று எனக்குள் கொதித்தது. ஏழு மாதம் கழித்துத்தான் வந்தார். அப்போது நாங்கள் கொட்டிலில் இருந்தோம். வந்தவர் பெட்டியை வைத்துவிட்டு, வீடு இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்தப் பேசாமை கிட்டத்தட்ட இருபது வருடம் நீண்டது. சலாம் சொல்வேன். மருந்து வாங்கிக் கொடுப்பேன். காசு கொடுப்பேன். வெளியில் பார்ப்பவர்களுக்கு நான் நல்ல மகன். ஆனால் ஏன் வரவில்லை என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. கேட்காமலேயே விடையை நானே எழுதி, அதற்கு முட்டை போட்டு வைத்திருந்தேன்.

சில மாதங்களுக்கு முன் வாப்பாவுக்குக் கண் காட்ட மட்டக்களப்புக்குப் போனோம். சீனி வருத்தம் கண்ணைப் பாதித்திருக்கிறது; இனி வாகனம் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஓட்டியவர், மச்சானிடம் நான் இரவல் வாங்கிய காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். மஃரிப் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். என் ஃபோன் புளூடூத்தில் தானாக இணைந்து அந்த அல்பத்தின் முதல் பாட்டைத் தொடங்கிவிட்டது. நிறுத்தப் போனேன்.

"இரிக்கட்டும். இவன் யாரு மகன்? கிழவன்ட குரல் மாதிரிக் கிடக்கு."

"ஓம் வாப்பா. இதப் பாடக்குள்ள எழுபது வயசு கிட்ட."

"என்னத்தப் பாடுறான்?"

ஆங்கில ஆசிரியன் அல்லவா, மொழிபெயர்த்தேன். ஒரு ஆள் ரோட்டில் நின்று வாகனங்களை மறித்து ஏறிப் போகிறான். ஒரு குடும்பக்காரன் ஏற்றுகிறான், பிறகு ஒரு லொறிக்காரன் ஏற்றுகிறான் என்றேன்.

"லொறிக்காரன் ஏத்துவான்" என்றார் வாப்பா. "தனிய ஓட்டுறவனுக்குப் பேச ஆள் வேணும். நானும் ஏத்தியிருக்கன்."

அந்த லொறிக்காரன் முன்னால் ஒரு பெண்ணுடைய படம் ஒட்டி வைத்திருக்கிறான் என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "நான் உங்கட படம் வச்சிருந்தன். வெயிலுக்கு நிறம் போயிட்டு. பொறகு ஆரு யாரெண்டே தெரியாது. எண்டாலும் கழட்டல்ல."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கேட்க வேண்டிய இடம் இதுதான் என்று தெரிந்தது. தொண்டை அடைத்தது. ஆனாலும் கேட்டேன். "சுனாமி அண்டு எங்க வாப்பா இருந்தீங்க?"

"ரோட்டுலதான். தம்மாமுக்கும் ரியாதுக்கும் நடுவுல. தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டின கடையில டீவியில காட்டினான். சிலோன் எண்டான். ஃபோன் எடுத்தா ஒண்டும் வேலை செய்யல்ல. மூணாம் நாள்தான் உம்மாட செய்தி வந்த. கபீல்ட்ட பாஸ்போட் கேட்டன். லோட்ட இறக்கிட்டு வா எண்டான். இறக்கிட்டு வந்தன். இன்னொண்டத் தந்தான்."

நிறுத்தினார். மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மாசத்துல பாஸ்போட் கைக்கு வந்துட்டு மகன். பொய் சொல்லக் கூடா. வந்திருக்கலாம். உம்மாவ அடக்கியாச்சு. வீடும் இல்ல. வெறுங்கையோட வந்து உங்கட மூஞ்ச எப்படிப் பாக்குற? சம்பளத்தச் சேத்துக்கிட்டு வருவமெண்டு இருந்துட்டன்."

உம்மாவை என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லில்தான் நான் உடைந்தேன். இருபது வருடமாக என் வாப்பும்மா, என் வீடு, நான் தனியாக நின்ற அந்த மையவாடி என்றுதான் நினைத்திருக்கிறேன். அவர் தன் தாயை இழந்தவர் என்ற எண்ணம் எனக்கு ஒருமுறையாவது வந்ததில்லை. வல்லாஹி, ஒருமுறையாவது வந்ததில்லை. தாய் செத்த செய்தியைப் பாலைவன ரோட்டில் கேட்டுவிட்டு, மறுநாள் லோட் ஏற்றி நானூறு கிலோமீற்றர் தனியாக ஓட்டிய ஒரு மனிதனோடு நான் ஒரே வீட்டில் கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த அல்பத்தில் வருகிற ஆண்களும் என் வாப்பாவும் ஒன்றல்ல. அவர்களில் பலர் தாங்களாக ஓடிப்போனவர்கள். ரோட்டு அவர்களுக்கு விடுதலை. பிறகுதான் அது தனிமையாகிறது. வாப்பாவுக்கு ரோட்டு விடுதலையாக ஒருநாளும் இருக்கவில்லை. எங்கள் கொப்பி, சப்பாத்து, ரியூஷன் காசு, தாத்தாவின் கல்யாணம், எல்லாம் அந்த ரோட்டில்தான் வந்தன. அதனால் அவருடைய ஏழு மாதத்தை நான் முழுமையாகச் சரி என்றும் சொல்லவில்லை. காசு இல்லாமல் வந்திருந்தாலும் எங்களுக்குப் போதுமாக இருந்திருக்கும். அதை அவரிடமே சொன்னேன். "அது இப்பதான் விளங்குது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஸ்பிரிங்ஸ்டீனுடைய தந்தையும் ஒரு வசனம்தான் சொன்னார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது வாப்பா உடனே இறங்கவில்லை. "அந்த முதல் பாட்டு முடிஞ்சிட்டா?" என்று கேட்டார். எப்போதோ முடிந்துவிட்டது என்றேன். "ம்" என்றார். நான் திரும்பப் போட்டேன். உம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் காருக்குள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தா.

இதை எழுத வாப்பாவிடம் அனுமதி கேட்டேன். "எழுது, பேரப் போடாத" என்றார்.

எங்கள் ஊரில் இப்படி வாய் திறக்காத வாப்பாமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். தம்மாம், ஜித்தா, தோஹா, குவைத் என்று இளமையைக் கொடுத்துவிட்டு, இப்போது அஸருக்குப் பின் பள்ளி வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஏன் பேசுவதில்லை என்று நாம் குறைப்படுகிறோம். நாம் எப்போதாவது கேட்டோமா? மருந்து எடுத்தீங்களா, சாப்பிட்டீங்களா என்பதைத் தவிர ஒரு கேள்வி? அவர்களுக்குப் பின்னால் வாசிக்க முப்பது வயலின் இல்லை. சொல்லாமல் விட்டதை நாம்தான் கேட்டு எடுக்க வேண்டும்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும் வழியில் ஒரு கேள்வி கேளுங்கள். பெரிய கேள்வி தேவையில்லை. "வாப்பா, நீங்க அங்க ஓட்டின ரோட்டு எப்படி இருந்த?" என்று கேட்டால் போதும்.

வாப்பா மௌத்தாகிவிட்டவர்கள் அவர்களுக்காகத் துஆச் செய்யுங்கள். என் வாப்பாவின் கண்ணுக்காகவும் ஒரு துஆ.